வண்டிக் கணக்கில் சேர்ந்த சேதுபதி

சேதுபதியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதில் எனக்கு இப்போது பெருமை இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. அதற்காக அலுவலகத்தில் கேக் கூட வெட்டினார்கள்.

நான் சந்திரகலா. திருச்சிக்காரி. துபாயில் பதினெட்டு வருடமாக ஒரு சின்ன அலுவலகத்தின் நிர்வாக அதிகாரி. ஐரோப்பாவில் ஒரு குட்டி நாடு, பெயர் வேண்டாம், ஏழை நாடுகளுக்கு உதவி செய்ய ஓர் அரசு நிறுவனம் வைத்திருக்கிறது. அதன் கிளை எங்களுடையது. ஆப்பிரிக்கக் கரையோர ஊர்களுக்குத் தண்ணீர் பம்ப், குழாய், போர்வை, கூடாரத் துணி வாங்கி ஜெபல் அலி துறைமுகம் வழியாகக் கப்பலில் அனுப்புவோம். கேட்கப் பெரிதாக இருக்கும். நேரில் வந்து பார்த்தால் பல் டாக்டர் கிளினிக் அளவுதான்.

எங்கள் பட்ஜெட்டுக்கு இரண்டு பைகள். திட்டப் பை பெரியது. பம்ப், குழாய் எல்லாம் அதிலிருந்து. நிர்வாகப் பை சின்னது. எங்கள் சம்பளம், வாடகை, டீத்தூள் எல்லாம் இதிலிருந்து. பெரிய பை நிரம்பி வழிந்தாலும் அதிலிருந்து ஒரு திர்ஹாம் எடுத்துச் சின்னப் பையில் போட முடியாது. இதையாவது சகித்துக்கொள்ளலாம். அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் வருடா வருடம் யாராவது எழுந்து, "வெளிநாட்டில் எத்தனை பேரை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். எவ்வளவு செலவு என்று கேட்க மாட்டார்கள், எத்தனை தலை என்றுதான் கேட்பார்கள். அதனால் எங்களுக்குப் பணத்துக்கு வரம்பு இருந்ததோ இல்லையோ, தலைக்கு வரம்பு இருந்தது.

2014இல் அந்த வரம்பு ஐந்து என்று உத்தரவு வந்தது. நாங்கள் ஆறு பேர். ஆறாவது தலை டிரைவர் சேதுபதி. வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஊர் முதுகுளத்தூர் பக்கம். நல்ல மனிதர், வேலையில் குறை சொல்ல முடியாது, அனுப்ப யாருக்கும் மனமில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. ஒரு வாடகை வண்டிக் கம்பெனியைப் பிடித்து, சேதுபதியின் விசாவை அவர்கள் பெயருக்கு மாற்றி, "டிரைவரோடு சேர்த்து வண்டி வாடகை" என்று ஒரே பில்லாகப் போட வைத்தேன். பணியாளர் பட்டியலில் ஐந்து பேர். ஆறாமவர் வண்டிக் கணக்கில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் மறைத்தேன், அந்த வருடத் தணிக்கையில் யாருக்கும் தெரியவில்லை. அதற்குத்தான் கேக்.

சேதுபதியிடம் "விசா கம்பெனி மாறுது, மத்ததெல்லாம் அப்படியேதான்" என்றேன். "சரிங்க மேடம்" என்றார். கேக்கில் ஒரு துண்டு அவருக்கும் கொடுத்தோம். எதற்கென்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

சேதுபதிக்கு ஒரு பழக்கம் உண்டு. எண்ணாமல் கையெழுத்துப் போட மாட்டார். பிரிண்டர் தாள் வந்தால் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பாக்கெட்டை எண்ணுவார். தண்ணீர் கேன் வந்தால் கேனை எண்ணுவார். கொண்டுவந்த பையன்கள் "யல்லா, பாய்" என்று அவசரப்படுத்திக்கொண்டு காலை மாற்றி மாற்றி நிற்பார்கள். எனக்கும் எரிச்சல் வரும். ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவர் துபாய்க்கு வருமுன் அபுதாபியில், முசஃபாவில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஹெல்பராக இருந்தாராம். அறுபது கேஸ் சிலிண்டர் என்று சொல்லி ஃபோர்மேன் நீட்டிய சீட்டில் கையெழுத்துப் போட்டார். இருந்தது ஐம்பத்திரண்டு. எட்டு சிலிண்டருக்கு ஏழு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். "அன்னைக்குப் படிச்சதுங்க மேடம். எம்புட்டுப் பெரிய ஆளு சொன்னாலும் நான் எண்ணித்தான் போடுவேன்" என்றார். அதோடு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பதினோரு வருடம் போனது. போன வருடம் மார்ச்சில் தலைமையகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. சிக்கனமும் ஆச்சு, சுற்றுச்சூழலும் ஆச்சு, வெளிநாட்டு அலுவலகங்கள் எல்லாம் வாடகை வண்டிகளை நிறுத்திவிட வேண்டும். மெட்ரோ, பஸ், அவசரத்துக்கு டாக்சி. எங்கள் டைரக்டர் அந்த நாட்டுக்காரர், நல்லவர், ஆனால் படிவம் என்றால் மூச்சுவிடாமல் நிரப்பி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். எல்லாவற்றையும் பூர்த்தி செய்து என் கையெழுத்துக்காக மேஜையில் வைத்திருந்தார். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி: "இதனால் பாதிக்கப்படும் பணியாளர் எண்ணிக்கை." அவர் பூஜ்யம் போட்டிருந்தார்.

தப்புச் சொல்ல முடியாது. பட்டியல்படி பூஜ்யம்தான். வண்டி போனால் ஒரு வண்டிதான் போகிறது. ஆனால் வண்டி போன மறுநாள் வாடகைக் கம்பெனி சேதுபதியின் விசாவை ரத்து செய்யும். நாற்பத்தொன்பது வயது டிரைவரை இங்கே புதிதாக யார் எடுப்பார்கள்? ஓரிரு மாதத்தில் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகன் விமல் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். மனைவி நாகவள்ளி வருடத்துக்கு ஒரு முறை என்னிடம் போனில் பேசும்போதெல்லாம் "அவுகளப் பாத்துக்கங்க மேடம்" என்பார். நானும் "கண்டிப்பா" என்பேன்.

பேனாவை எடுத்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சேதுபதி குத்தவைத்து உட்கார்ந்து பிரிண்டர் தாளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து வந்ததும் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பத்துப் பாக்கெட் தாளுக்கு அந்த மனிதர் அவ்வளவு மெனக்கெடுகிறார். நான் ஒரு ஆளை எண்ணாமல் கையெழுத்துப் போடப் பார்க்கிறேன். எனக்கு என் மீதே ஆத்திரம் வந்தது. பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "உங்கள் பட்டியலில் ஐந்து பேர். இந்த ஒன்று யார்? விளக்கவும்." டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், ஆனால் முகம் சிவந்து, கேட்டார்: "எதற்கு இந்த வேலை? இந்த வருடம் வரம்பை நான்காகக் குறைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். இப்போது வந்து ஒவ்வொரு தலையாக எண்ணுவார்கள். அந்த வாடகை ஏற்பாட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. முதலில் உங்கள் தலையைத்தான் எண்ணுவார்கள்."

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். கராமாவில் வீட்டு வாடகை, மகளின் காலேஜ் ஃபீஸ், எல்லாம் கண்முன் வந்து போயின. ஆனால் எழுதிய ஒன்றை அழிப்பதாக இல்லை. "வரட்டும் சார்" என்றேன். இரண்டு வாரத்தில் தலைமையகத்திலிருந்து ஒரு அதிகாரி ஆய்வுக்கு வருவதாக முடிவானது.

அன்று சாயங்காலமே சேதுபதியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேக் எதற்கு வெட்டினோம் என்பதையும் சொன்னேன். குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பதினோரு வருசமா நான் வண்டியா மேடம்?"

மேஜையில் இருந்த டீயை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"பெட்ரோல் மட்டும் எனக்கு ஊத்தல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது. பிறகு எழுந்துகொண்டே சொன்னார்: "வண்டி போனாப் போகட்டும் மேடம். நான் வண்டி மட்டுமா ஓட்டினேன்? என்ன வேலை பாத்தேன்னு ட்ரிப் புத்தகத்துல எழுதிருக்கேன்ல. அதைக் காட்டுங்க."

ட்ரிப் புத்தகம் என்பது வாடகைக் கம்பெனி கொடுக்கும் நீளப் புத்தகம். தேதி, போன இடம், கிலோமீட்டர், கடைசியில் "பயண நோக்கம்" என்று ஒரு கட்டம். மாதம் முடிந்ததும் என் மேஜைக்கு வரும். நான் கிலோமீட்டரைக் கூட்டிப் பார்த்து பில்லைப் பாஸ் செய்வேன். கடைசிக் கட்டத்தைப் படித்ததே இல்லை. அவர் அதைத் தமிழில் எழுதுவார். அந்த அலுவலகத்தில் அவரைத் தவிரத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.

சனிக்கிழமை பதினோரு புத்தகங்களையும் டாக்சியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் படித்து ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல என் கணவர் சீதாராமன் டைப் அடித்தார்.

"ஜெபல் அலி. மூணு மணி நேரம். போர்வை 4800 என்று சீட்டு. எண்ணியது 4652. கையெழுத்துப் போடவில்லை."

"ஜெபல் அலி. மறுபடி. போர்வை 148 வந்து சேர்ந்தது. போட்டேன்."

"ஜெபல் அலி. கூடாரத் துணி நாற்பது கட்டு நனைந்திருந்தது. வாசனை வருகிறது. திருப்பி அனுப்பச் சொன்னேன். சண்டை."

"குழாய் தடிமன் குறைவு. பழைய குழாய்த் துண்டு கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். கிடங்கு கௌஸ் பாய் ஒத்துக்கொண்டார்."

படிக்கப் படிக்க எனக்கு விஷயம் விளங்கியது. ஏழு வருடத்துக்கு முன் அந்தத் தலையைக் கணக்கு வேலைக்கு மாற்றி எங்கள் சரக்குப் பொறுப்பாளர் பதவியை எடுத்துவிட்டார்கள். அந்த வேலையை யார் பார்ப்பது என்று யாரும் முடிவு செய்யவே இல்லை. "சேதுபதி எப்படியும் வண்டியில் போகிறார், ஒரு பார்வை பார்த்துவிட்டு வரட்டும்" என்று யாரோ சொன்னதோடு சரி. அந்த ஒரு பார்வை ஏழு வருடமாக நடந்துகொண்டிருந்தது. எங்கள் நிறுவனம் ஆண்டறிக்கையில் "சரக்கு இழப்பு மிகக் குறைவு" என்று மார்தட்டிக்கொண்டது. ஏன் குறைவு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சீதாராமன் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இது மாசா மாசம் உன் டேபிளுக்கு வந்த புஸ்தகமா?"

"ஆமா."

"கிலோமீட்டர் சரியா இருந்துதா?"

"போதும், அடிங்கோ" என்றேன். அவர் அதற்கு மேல் குத்தவில்லை. ஞாயிறு மாலைக்குள் நாற்பத்தொரு பக்கம் வந்தது.

ஆய்வு அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். நாற்பத்தொரு பக்கத்தையும் ஒரு காலையில் படித்து முடித்தார். "இதெல்லாம் நீங்களே மொழிபெயர்த்தது" என்றார். நம்பவில்லை என்று அர்த்தம். "நாளைக்கு அவர் சரக்குப் பார்க்கப் போகிறாரா? நானும் வருகிறேன். இரண்டு மணிக்கு எனக்கு அபுதாபியில் தூதரகத்தில் கூட்டம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடலாம் இல்லையா?"

முடித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஜெபல் அலி கிடங்கில் பம்ப் பெட்டிகள் தயாராக இருந்தன. பதின்மூன்று அடுக்கு, அடுக்குக்கு இருபத்துநான்கு, மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. பிளாஸ்டிக் சுற்றிக் கச்சிதமாக இருந்தது. கிடங்கு சூப்பர்வைசர் கௌஸ் முகம்மது, ஹைதராபாத்காரர், மேலிடத்து அம்மா வருகிறார் என்று சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். சீட்டை நீட்டினார். சேதுபதி சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். ஒவ்வொரு பெட்டியையும் கையால் தொட்டு ஒரு கோடு. தொட முடியாத உள்வரிசைக்காக பிளாஸ்டிக்கைக் கிழிக்கச் சொன்னார்.

"பாய், ஜல்தி. மேடம் கா மீட்டிங் ஹை" என்று அவசரப்படுத்தினார் கௌஸ் முகம்மது.

"அச்சா பாய், அச்சா" என்றார் சேதுபதி. கை அதன் வேகத்திலேயே போனது.

பன்னிரண்டு மணிக்கு எண்ணி முடித்தார். முந்நூற்றுப் பதினொன்று. ஒன்பதாவது அடுக்கின் நடுவில் ஒரு பெட்டி அளவுக்கு வெற்றிடம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கௌஸ் முகம்மது உடனே சப்ளையருக்குப் போன் போட்டார். வேனில் ஒன்று தங்கிவிட்டதாம், நாளைக்கு அனுப்புவார்களாம். இன்று கையெழுத்துப் போட்டால் இருக்கிற பெட்டிகள் இன்றே கன்டெய்னரில் ஏறிவிடும். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனை பாடுபட்டு அந்த அம்மாளை இங்கே கொண்டுவந்தது நான். அவர் எரிச்சலோடு கிளம்பினால் எல்லாம் போச்சு. சேதுபதியின் அருகில் போய்க் குரலைத் தணித்துச் சொன்னேன்.

"சேதுபதி, இன்னைக்கு ஒரு நாள் போட்டுடுங்க. நாளைக்கு வந்து பாத்துக்கலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மாட்டேன் மேடம்."

"அவங்க கையிலதான் உங்க வேலை இருக்கு."

"தெரியும் மேடம். எண்ணாமப் போட்டு வாங்குற வேலை எனக்கு எதுக்கு?"

அதிகாரி என்னிடம், ஒரு பெட்டிதானே குறைகிறது, அதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுக்குமுன் சேதுபதியே தன் ஆங்கிலத்தில் சொன்னார்: "ஒன் பாக்ஸ், ஒன் வில்லேஜ், மேடம்."

உண்மைதான். ஓர் ஊருக்கு ஒரு பம்ப் என்றுதான் எங்கள் திட்டமே. அந்த வாக்கியத்தைத் தலைமையகத்தில் எழுதியவர்களே மறந்துபோயிருப்பார்கள். அதிகாரி போனை எடுத்து அபுதாபிக் கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு மரப்பலகையைத் தூசி தட்டி அதன் மேல் உட்கார்ந்தார்.

மூன்றரை மணிக்கு ஒரு வேன் வந்தது. ஒரே ஒரு பெட்டி. சேதுபதி தொட்டார், கோடு போட்டார், சீட்டில் கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்தது என்பதற்கு அரபியில் "கலாஸ்" என்றார் கௌஸ் முகம்மது, பெருமூச்சோடு.

திரும்பும் வழியில், காரில், அதிகாரி என்னிடம் கேட்டார்: "இந்த மனிதர் பணியாளர் பட்டியலில் எங்கே இருக்கிறார்?"

"வண்டி வாடகையில்."

"அப்படிப் போட்டது யார்?"

முன்னால் சேதுபதி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும். "நான்" என்றேன். "பதினோரு வருடத்துக்கு முன். அவர் எழுதியதை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. நானும் படிக்கவில்லை." சொல்லி முடித்ததும் மனம் லேசானது என்றெல்லாம் இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் சொல்லாமல் விடுவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன்.

ஜூன் மாதம் அறிக்கை வந்தது. என் கோப்பில் ஒரு கண்டனக் கடிதம், இரண்டு வருடத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. தலை தப்பியது. வண்டி ஒழிந்தது. சேதுபதி செய்வது திட்ட வேலை, நிர்வாக வேலை அல்ல, ஆகவே அவர் சம்பளம் பெரிய பையிலிருந்து வர வேண்டும் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். பெரிய பைக்குத் தலை வரம்பு கிடையாது. பதவி: சரக்குப் பொறுப்பாளர். ஐந்து வருட ஒப்பந்தம், விசா எங்கள் பெயரில். ஏழு வருடத்துக்கு முன்பே இந்த வழி இருந்திருக்கிறது. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டிருந்தால் போதும்.

ஒப்பந்தத்தை நானே பிரிண்ட் எடுத்து, நல்ல பேனா ஒன்றை மேலே வைத்து, அவர் முன்னால் வைத்தேன். கேக் வாங்கவில்லை. சேதுபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"மேடம், இதுல கொறையுதே."

"என்ன குறையுது? சம்பளமா?"

"சம்பளம் சரியாத்தான் இருக்கு. இங்க பாருங்க, 'பணியில் சேர்ந்த நாள்: ஜூலை 1, 2025'. நான் சேந்தது 2010 மேடம். பதினஞ்சு வருசம் கொறையுது."

டைரக்டர் எட்டிப் பார்த்தார். நான் சொன்னதும், "வாடகைக் கம்பெனிக்காரன் பழைய பாக்கியெல்லாம் கொடுத்துவிட்டான், அந்தத் தேதியால் அவருக்கு ஒரு திர்ஹாம்கூட லாபம் இல்லையே" என்றார். அதைத் தமிழில் சொன்னேன்.

"காசுக்குச் சொல்லல மேடம்" என்றார் சேதுபதி. பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தார். குரலில் கோபம் இல்லை. கிடங்கில் முந்நூற்றுப் பதினொன்று என்று சொன்ன அதே குரல்.

நான் தாளை எடுத்துக்கொண்டேன். தலைமையகத்துக்கு எழுதினேன், அவர்கள் முடியாது என்றார்கள், மறுபடி எழுதினேன், விதி எண் கேட்டார்கள், தேடிக் கொடுத்தேன். பதினெட்டு நாள் ஆனது. அதுவரை அவர் மெட்ரோவும் பஸ்ஸும் மாறி ஜெபல் அலிக்குப் போய் எண்ணிவிட்டு வந்துகொண்டுதான் இருந்தார்.

புதுத் தாளில் "2010 முதல் தொடர் பணி" என்று இருந்தது. சேதுபதி கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டு, வாய்க்குள் முணுமுணுத்து, பதினைந்து வரைக்கும் எண்ணினார். தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டார்.